ஐந்தாம் படி

எங்கள் வீட்டு வாசலுக்கு எத்தனை படி என்பதில் குடும்பத்துக்குள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அப்பத்தாவைக் கேட்டால் ஐந்து என்பாள். அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு நான்கு என்பார். எனக்கு எண்ணத் தெரிந்த வயதில் நான் எண்ணியது மூன்று. சில வருடங்களுக்கு முன் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, “படியே இல்லையேப்பா, குழிக்குள்ளல்ல வீடு இருக்கு” என்றாள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. வீடு கட்டின இடத்திலேயேதான் இருக்கிறது. தெருதான் எழுந்து வந்துவிட்டது.

வீடு மதுரையில், தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். மாட்டுவண்டி ஒன்று நுழைந்துவிட்டால் எதிரே வருகிறவர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். அப்படி ஏறி நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்து, அப்பத்தாவிடம் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, அரை நாள் கதை பேசிவிட்டுப் போனதும் உண்டு. மதுரை மாநகராட்சியான 1971இல் எனக்கு ஒன்பது வயது. அப்பா ரோடு ஓவர்சியர்.

அப்பாவின் சைக்கிளில் பாரோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு ஒரு பலகை கட்டியிருக்கும். ஒரு விளிம்பு நேர்; மறு விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்வு. கேம்பர் பலகை என்பார். சாய்ந்த விளிம்பை ரோட்டின் மேல் வைத்து, நேர் விளிம்பின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால் ரோட்டின் கூன் சரி. நடு ரோட்டிலிருந்து ஓரத்துக்குப் பத்தடி போனால் மூன்று அங்குலம் இறங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கேரியரில் ஒரு காக்கிப் பை. அதற்குள் டேப், நூல்கண்டு, சாக்கட்டி, ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பு குடிப்பதற்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். பலகை விலாவில் இடிக்கும். புதிதாய்ப் போட்ட ரோட்டில் இறங்கியதும் தெருக்குழாயில் சொம்பை நிரப்பி வரச்சொல்வார். அதை நடு ரோட்டில் மெதுவாகக் கவிழ்ப்பது என் வேலை.

தண்ணீர் கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரத்துக்கும் போகும். போனால் அப்பா முகத்தில் ஒன்றும் தெரியாது. எங்காவது தேங்கி, சின்னக் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றால், சாக்கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். மறுநாள் மேஸ்திரி அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டுவார்: “தம்பி, நீ ஊத்துற தண்ணியில எனக்கு ரெண்டு நாள் வேல.”

“ரோடு வண்டிக்குப் போடுறதுன்னு நெனைக்காதடா. தண்ணிக்குப் போடுறோம். வண்டி ஓசியில போகுது” என்று அப்பா ஒருதரம் சொன்னார். அப்போது அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் பிறந்த பிள்ளைகளுக்கு மாதங்களின் பெயரைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைத் தாண்டி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் திசைக்கு ஒன்றாக நான்கு. கோயில் தாமரை மொட்டு, தெருவெல்லாம் இதழ் என்பாள் அப்பத்தா. “இதழ்னா சரிதான். தண்ணி எந்த இதழ் வழியா வடியும்?” என்று அப்பா கேட்பார். அப்பத்தாவிடம் அதற்குப் பதில் இருந்தது: “எல்லாம் கிருதுமாலுக்குத்தான். அத நீங்கதான சாக்கடையா ஆக்கி வச்சிருக்கீங்க.” ஊருக்குள் ஓடிய ஆறு அது, அப்பத்தா சின்னப்பெண்ணாய் அதில் குளித்திருக்கிறாளாம். அப்பா அதற்கு மேல் பேசமாட்டார்.

சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது கேட்டிருக்கும். முன்பு அந்தத் திருவிழா மாசியில்தான் நடந்ததாம். திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார். திருவிழா இடம்பெயர்ந்தது, தெருவின் பெயர் தெருவிலேயே தங்கிவிட்டது. வெளி வீதிகளின் கதை வேறு. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் ஊரைச் சுற்றி இருந்த வரை அங்கே வீதி கிடையாது. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கவைத்தார். இடித்துச் சமப்படுத்துகிறவர்களுக்கு அங்கேயே மனை என்று சொன்னதால் ஊரே கடப்பாரை தூக்கியது. கைக்காசு செலவில்லாமல் ஒரு ஊரை விரித்த மனிதர் என்று அப்பாவுக்கு அவர் மேல் ஒரு மரியாதை. விளக்குத்தூண் அந்த பிளாக்பர்னுக்காக ஊரார் நட்டதுதான். மேலவெளி வீதியில் மிஞ்சி நிற்கும் கோட்டைத் துண்டைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்குவார்.

எங்கள் மேஸ்திரிக்கு பிளாக்பர்ன் பெரிதில்லை. அந்த வேலையை நின்று பார்த்தவர்களின் பெயரைத்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் வைத்தார்கள். “ரோடு போட்டவன் பேர்ல ரோடு இருக்கிற ஊரு தம்பி இது. கலெக்டருக்கு வெறும் வெளக்குக் கம்பம்தான்” என்று மேஸ்திரி மீசையைத் தடவுவார்.

பள்ளி விடுமுறையும் ரோடு வேலையும் ஒரே நேரத்தில் வரும். வெயில் காலத்தில்தான் தார் போட முடியும். ஈரத்தில் தார் கல்லைப் பிடிக்காது. கப்பி ரோட்டு வேலையில் முதலில் வருவது கல் வண்டி. தெருவோரம் குவித்த கற்களைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைப்பார்கள். இடது கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கல்லை நிறுத்தி, வலது கையில் சின்னச் சுத்தி. ஒரு நாளும் விரலில் பட்டதைப் பார்த்ததில்லை. ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, கால் ஜல்லி என்று தனித்தனிக் குவியல். எங்கள் ஆட்டத்துக்குக் கால் ஜல்லிதான் சரியான அளவு. அதனால் ஒவ்வொரு பையனின் டவுசர் பையும் கிழிந்திருக்கும்.

பெரிய ஜல்லியைப் பரப்பி முதலில் வறட்டு உருட்டு. ரோடு ரோலர் நடுவிலிருந்து தொடங்காது. ஓரத்திலிருந்து உருட்டிக்கொண்டே நடுவுக்கு வரும். நடுவிலிருந்து தொடங்கினால் கல்லெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, கூன் படுத்துவிடும். அப்புறம் சின்னக் கல், கிராவல், தண்ணீர், மறுபடி உருட்டு. செம்மண் குழம்பு கல்லிடுக்கில் இறங்கி, காய்ந்து, இறுகும் வரை யாரும் மேலே போகக் கூடாது. யார் கேட்டார்கள்? விடிவதற்குள் ஒரு மாட்டுவண்டித் தடம் கிடக்கும். அதைப் பார்த்து மேஸ்திரி சொல்லும் வார்த்தைகளுக்காகவே நாங்கள் அதிகாலையில் எழுந்து போவோம்.

தார் வேலை அதற்கு மேல். ரோட்டோரத்தில் கல் கூட்டிய அடுப்பு. அதன்மேல் பீப்பாயிலிருந்து வெட்டி எடுத்த தார்க்கட்டி கொதிக்கும். கிளறுகிற தாத்தாவுக்குக் கண் எப்போதும் சிவந்திருக்கும். காலில் கோணிச்சாக்கைச் சுற்றி, அடியில் டயர் துண்டு வைத்துக் கட்டியிருப்பார். நடந்தால் யானை நடக்கிற மாதிரி இருக்கும். குச்சியை விட்டு எடுத்து நூல் இழுத்துப் பார்ப்பார். “பாகு மாதிரிதான் தம்பி. கம்பி வரணும். கருகினா உங்காத்தா முறுக்குல போட்ட வெல்லமாட்டம் எதையும் ஒட்டாது.” முறுக்கில் யார் வெல்லம் போடுவார்கள் என்று நான் கேட்டதில்லை. பாகு தெரிந்தவர் முறுக்குத் தெரியாமல் இருக்கட்டுமே.

சித்தாள் பெண்கள் இரும்புச் சட்டியில் சூடான தார் ஜல்லியைச் சும்மாட்டின் மேல் ஏற்றி ஓடுவார்கள். நடக்க நேரமில்லை, ஆறினால் பரவாது. தலைக்கு மேல் புகை, காலுக்குக் கீழ் அனல், மேலே அக்கினி நட்சத்திரம். அவர்களில் ஒரு அக்கா ஒவ்வொரு நடைக்கும் எங்கள் திண்ணை முனையைக் கடக்கும்போது அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை விட்டுப் போகும். ஒரு முழு வாக்கியம் முடிய ஏழெட்டு நடை ஆகும். அந்த அக்காவின் புருஷன் ஓடிப்போன கதையை அப்பத்தா அப்படித்தான், மூன்று நாளில், முழுவதும் கேட்டு முடித்தாள். ரோலர் சக்கரத்தில் தார் ஒட்டாமலிருக்க ஒரு பையன் ஈரச்சாக்கோடு கூடவே நடப்பான். அந்தப் பையனாக ஆவதுதான் எனக்கு அந்த வயதின் பெரிய ஆசை. ஆறின தாரை உருட்டி வைத்துக்கொண்டு, ஓட்டை வாளியை அடைக்க வீடு வீடாகக் கொடுப்போம். சட்டையில் ஒட்டினால் மண்ணெண்ணெய். உடம்பில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய். அம்மா பார்த்துவிட்டால் விளக்குமாறு.

பிளாட்பாரம் விஷயத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு அளவுகோல். இடுப்பில் குடம் வைத்த இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் குடமும் குடமும் இடிக்கக் கூடாது. மாசி வீதியின் சாக்கடைமேல் பாவிய கல்தான் அப்போது பிளாட்பாரம். ஒரு கடைக்காரர் மூட்டையை இரண்டு சாண் முன்னால் தள்ளினால் அடுத்தவர் மூன்று சாண் தள்ளுவார். அப்பா சண்டை போடமாட்டார். எதிர்ச்சாரியில் நின்று குடத்தோடு வரும் பெண்கள் எங்கே ரோட்டில் இறங்குகிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்துக் கடையில் போய் நின்று ஒரு சோடா குடிப்பார். குடித்து முடிக்கும் வரை மூட்டையையே பார்ப்பார். சில சமயம் அது பலித்தது. ரொம்ப வருடம் கழித்து, நடைபாதையில் தடங்கலில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியில் படித்தபோது, உடனே அடியாக்கிப் பார்த்தேன். ஆறடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பெண்கள், இரண்டு குடம்.

பிளாட்பார விளிம்பின் உயரத்திலும் பிடிவாதம். ஆறு அங்குலத்துக்கு மேல் போனால் கிழவிகள் ஏறமாட்டார்கள், ரோட்டிலேயே நடப்பார்கள் என்பார். அப்பத்தாவை ஒருநாள் ரிக்‌ஷாவில் அழைத்துப் போய், புதிதாய்க் கட்டின ஒரு விளிம்பில் ஏறச்சொல்லிப் பார்த்தார். அவள் அவர் தோளைப் பிடித்து ஏறிவிட்டு, “இதுக்கா என்னைய பூசயிலேருந்து எழுப்பிக் கூட்டியாந்த?” என்றாள்.

சித்திரை பிறந்துவிட்டால் அப்பா வீட்டில் தூங்கமாட்டார். தேர் ஓடும் நான்கு மாசி வீதிகளிலும் இரவெல்லாம் குழி தேடுவார். மனிதர் கால் பட்டால் தெரியாத பள்ளம் தேர்ச்சக்கரத்துக்குத் தெரியும். முக்கியமாக, குழாய்க்காகவோ வேறு எதற்காகவோ வெட்டி மூடின இடங்கள். மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடினால் மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அரையடி மண், தண்ணீர், திமிசு. மறுபடி அரையடி மண், தண்ணீர், திமிசு என்று போட்டால்தான் தேர் தாங்கும். திமிசுக்கட்டையைக் கொண்டுபோய் அவரே குத்திப் பார்ப்பார். கேட்கிற சத்தத்தை வைத்து உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று சொல்வார். தர்பூசணிக் கடையில் அம்மா தட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

தேரோட்டத்தன்று அம்மா, அப்பத்தா, நான், அத்தை பிள்ளைகள் எல்லோரும் தெரிந்தவர் வீட்டு மாடியில் இருப்போம். கீழே சனம் தலையாகத் தெரியும். சுவாமி தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அரையடி முன்னால் கட்டையை வைத்துவிட்டுக் கையை இழுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பின்னால் அம்மன் தேர். எல்லோரும் கைகூப்பி மேலே பார்க்கும்போது, கூட்டத்தில் ஒரே ஒரு வெள்ளைச்சட்டை மட்டும் குனிந்து தரையைப் பார்த்தபடி சக்கரத்தோடு நடக்கும். “உங்கப்பன் எத்தன வருசமா சாமியப் பாக்கலையோ” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வெயிலில் தார் இளகி, சக்கரம் போன இடம் பளபளவென்று இரண்டு கோடாகத் தெரியும். தார் அதிகமாய் ஊற்றின இடத்தில் அது மேலே கக்கும். பக்தர்களின் வெறுங்காலில் ஒட்டும். அங்கே மணலைத் தூவச்சொல்லிச் சைகை காட்டிக்கொண்டே நடப்பார். தேர் நிலைக்கு வந்த பிறகு, கோயிலுக்குள் போகாமல், நேராக வீட்டுக்கு வந்து திண்ணையில் சட்டையோடு படுத்துவிடுவார்.

அந்தத் திண்ணைக்கு இப்போது வருகிறேன். மூன்று படி ஏறினால் திண்ணை. தாத்தா கட்டும்போது ஐந்து படி என்பதை அப்பத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஐந்தாவது, அதாவது கீழ்ப்படி, மற்ற நான்கையும்விட அகலமாம். அதில்தான் அவள் கல்யாணமாகி வந்தபோது ஆலத்தி எடுத்தார்களாம். அப்பா பிறந்த பிறகு அதில் உட்கார்ந்துதான் சோறு ஊட்டினாளாம். அந்தப் படி எங்கே போனது என்று கேட்டால், அப்பா இருக்கும் பக்கம் கையைக் காட்டுவாள்.

“இவன் வேலைக்குப் போனான். எம் படியத் தின்னான்.”

கேலி இல்லை, அது நடந்தது. ஐந்தாம் படி அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பாதி புதைந்திருந்தது. மீதிப் பாதியும் நான்காம் படியும் அவர் காலத்தில், அவர் கண் எதிரே, அவர் பலகை வைத்துச் சரிபார்த்த ரோடுகளுக்கு அடியில் போனது. ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே புதியது. உருட்டி முடித்தால் ஒரு கப்பி அடுக்கு மூன்று அங்குலம். அதன் மேல் தார் ஓர் அங்குலம். நாலைந்து வருடம் கழித்துக் குழி விழுந்தால் அதன் மேல் மறுபடி. ஒருமுறையும் அடியில் இருந்ததைக் கொத்தி எடுக்கவில்லை. கொத்துவதற்கு ஆள் வேண்டும், கொத்தினதை அள்ளிப்போக வண்டி வேண்டும், அது வரை தெரு வாயைப் பிளந்து கிடக்க வேண்டும். மேலே போட்டால் இரண்டு நாளில் கறுப்பாய், புதிதாய், எல்லோருக்கும் சந்தோஷம்.

ஓர் ஐப்பசியில் அந்தச் சந்தோஷம் வீட்டுக்குள் வந்தது. இரவு பத்து மணிக்குப் பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. சந்துத் தண்ணீர் அப்பா நினைத்தபடியே, நடுவிலிருந்து பிரிந்து ஒழுங்காக இரண்டு ஓரத்துக்கும் போனது. ஓரத்தில் இருந்தது எங்கள் எதிர்வீடு. அவர்கள் வீட்டுக்கு மொத்தமே மூன்று படிதான், இரண்டு ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றைத் தாண்டி முற்றத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பாட்டி எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாவும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்று, தன் ரோட்டின் கூனைக் காலால் தடவித் தடவிப் பார்த்தார். கூன் சரியாக இருந்தது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றிருக்கும்.

“எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்” என்றார், யாரும் கேட்காமலே. அப்பா அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ரோடுகளைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைக் கலந்து ரோடு போடுகிறார் என்று பேப்பரில் வந்ததும், திருப்பரங்குன்றம் பஸ்ஸைப் பிடித்துப் பார்க்கப் போய்விட்டார். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டால் உருகிக் கல்லுக்கு ஒரு தோல் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் தார் போட்டால் தண்ணீர் நடுவில் புகுந்து கல்லையும் தாரையும் பிரிக்காது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ வந்தது. அந்த ரோட்டைப் பார்த்துவிட்டு அப்பா வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். ஆமாம், சொம்பைக் கொண்டுபோயிருந்தார்.

2021இல், தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரவே கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். சுரண்டுவதற்கென்றே இப்போது எந்திரம் இருக்கிறது. இரவில் வந்து, பழைய தாரைத் துருவின தேங்காய் மாதிரி துருவி லாரியில் கொட்டிவிட்டுப் போகிறது. சென்னையில் நான் இருக்கும் தெருவில் அது வேலை செய்வதை ஒரு ராத்திரி முழுக்க நின்று பார்த்தேன். வாட்ச்மேன் என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தார். அப்பா அந்தக் கடிதத்தைப் படிக்கவும் இல்லை, இந்த எந்திரத்தைப் பார்க்கவும் இல்லை.

ஆனால் ஐந்தாம் படியை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மழைக்கு மறு வருடம் எங்கள் சந்துக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. தார் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் குழாய்க்காரர்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். அப்பா வழக்கமாகக் கத்துவார். அன்று கத்தவில்லை. வீட்டு இணைப்புக்காக எங்கள் வாசலை ஒட்டி வெட்டச்சொல்லிவிட்டு, லீவு போட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

வெட்டின குழியின் பக்கச்சுவரைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். மேலே புதுத்தார், பளபளப்பாய். கீழே நரைத்த தார். அதற்குக் கீழே செம்மண்ணில் பதிந்த கப்பி. மறுபடி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. மறுபடி கப்பி. “இது நீ பொறந்த வருசம் போட்டது” என்று ஒரு கோட்டைத் தொட்டார். “இது எனக்குக் கல்யாணத்துக்கு முந்தி. அடுப்புல தார் கொஞ்சம் கருகிப்போச்சு, பாரு, ஒட்டவே இல்ல.” நகத்தால் கிள்ளினார், ஜல்லி தனியாக வந்தது. அதற்குக் கீழே வண்டல் மாதிரி ஒரு மண். “இது நான் போடல.”

அந்த மண்ணை ஒட்டித்தான் கல் தெரிந்தது. முதலில் நான்காம் படியின் முகம். அப்புறம் கடப்பாரைக்காரர் பக்கவாட்டில் கொத்தக் கொத்த, ஐந்தாவது. அப்பத்தா சொன்ன மாதிரியே அகலம். அப்பா குழிக்குள் இறங்கி, துண்டை நனைத்துக் கல்லைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கல்லில் கோடுகள். ஒரு முக்கோணம், உச்சியிலிருந்து கீழே விரியும் கோடுகள், குறுக்கே மூன்று கோடுகள். ஆணியால் கீறிக் கீறி ஆழமாக்கின ஆடுபுலிக் கட்டம்.

“யாருப்பா கீறினது?”

அப்பா பதில் சொல்லவில்லை. மேலே திண்ணையிலிருந்து அப்பத்தா எட்டிப் பார்த்தாள். “அவனத்தான் கேளு. ஆணியில கையக் கிழிச்சிக்கிட்டு வந்து எங்கிட்ட மஞ்சப்பத்து போட்டுக்கிட்டவன் அவந்தான்.” பிறகு விரலை ஐந்தாக விரித்துக் காட்டி, “இப்ப எண்ணு” என்றாள்.

குழாய்க்காரர்கள் சாப்பிடப் போனார்கள். அப்பா குழிக்குள்ளேயே குந்தி உட்கார்ந்தார். உடைந்த ரோட்டிலிருந்து முக்கால் ஜல்லி மூன்றைப் பொறுக்கினார். எனக்குக் கால் ஜல்லி பதினைந்தை எண்ணிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் தார் ஒட்டியிருந்தது. உச்சியிலும் அதற்குக் கீழேயும் தன் மூன்றை வைத்தார்.

“புலி எனக்கு” என்றார்.

என் தலை ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருந்தது. சந்தில் போகிறவர்களின் செருப்புகளும் சைக்கிள் சக்கரங்களும் காதோரம் போயின. எட்டு ஆட்டை இறக்குவதற்குள் இரண்டை வெட்டிவிட்டார். பிறகு ஒரு புலியை நான் மூலையில் அடைத்தேன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. குழியின் விளிம்பில் மேஸ்திரி திமிசுக்கட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, குழாய் பூட்டியாச்சு. மூடிரலாங்களா?”

அப்பா நிமிராமலே கையைத் தூக்கிக் காட்டினார்.

“இருய்யா. இன்னும் ஆடு இருக்கு.”